ஜூடோ கற்கலாமா? முதலில் அந்த முட்டியைக் காட்டுங்கள்

ஜெர்மனியில் முதுகலை படிக்கும் 24 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

போன அக்டோபரில் அங்கே போய்ச் சேர்ந்தவர். படிப்போடு வாரத்தில் மூன்று நாள் ஒரு பேக்கரியில் பகுதிநேர வேலை. நவம்பரில் ஓர் இரவு கடைசி டிராமில் வரும்போது, குடித்திருந்த ஓர் ஆள் எதிரில் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுத்திருக்கிறார். இவர் இறங்கிய நிறுத்தத்தில் அவரும் இறங்கிப் பின்னாலேயே வந்திருக்கிறார். இவர் அறைக்குப் போகாமல், திறந்திருந்த கெபாப் கடைக்குள் நுழைந்து, அந்த ஆள் போகும்வரை அரை மணி நேரம் உள்ளேயே இருந்துவிட்டார். அன்றிலிருந்து ஏதாவது ஒரு தற்காப்புக் கலை கற்றே ஆக வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஏப்ரல் செமஸ்டரில், பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவு நடத்தும் ஜூடோ தொடக்க வகுப்புக்கு 30 யூரோ கட்டிப் பெயர் கொடுத்திருக்கிறார். முதல் செவ்வாய் இரவு போனவர், கண்ணாடிக் கதவு வழியாகப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஷூவைக்கூடக் கழற்றாமல் திரும்பிவிட்டார். 24 வயதில் ஆரம்பிப்பது ரொம்பத் தாமதமா, ஆண்கள் கட்டிப் பிடித்து உருளும் இடத்தில் எப்படி நிற்பது, அடிபட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா, மூன்று மாதத்தில் தன்னைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிடுமா என்று வரிசையாகக் கேட்கிறார். "கர்ப்பப்பை இறங்கிவிடும், வேண்டாம்" என்று அம்மா போனில் சொல்லிவிட்டாராம்.

கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்வதற்கு முன்னால், இப்படி ஒரு வரி: "ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்கூட்டியில் விழுந்து இடது முட்டியில் ஜவ்வு பாதி கிழிஞ்சது, ஆபரேஷன் பண்ணலை, இப்போ நல்லா இருக்கு, படி இறங்கும்போது மட்டும் எப்பவாவது நழுவுற மாதிரி இருக்கும். முட்டிக்கு நீ-கேப் போட்டுக்கிட்டா போதும்தானே டாக்டர்?"

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான் பேனாவை எடுத்தது அந்தக் கடைசி வரிக்காக. உங்கள் மற்ற பயங்கள் பெரும்பாலும் வகுப்புக்குள் போன ஒரு மாதத்தில் கரைந்துவிடும். முட்டி அப்படிக் கரையாது.

நான் விளையாட்டு மருத்துவம் படித்ததும் சில வருடங்கள் வேலை பார்த்ததும் ஜெர்மனியில்தான். அங்கேதான் 31 வயதில் முதல் முறையாக, ஜூடோ தொடங்குபவர் கட்டும் வெள்ளைப் பட்டையைக் கட்டினேன். என்னோடு அன்று சேர்ந்தவர்களில் பேரன் எடுத்த ஒருவரும் இருந்தார். அதனால் வயதைப் பற்றிய உங்கள் கேள்வியை இங்கேயே முடித்துவிடலாம். 24 தாமதமே இல்லை. ஜப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் கோடோகன் என்ற பள்ளியைத் தொடங்கி ஜூடோவை உருவாக்கியபோது அவருக்கே உங்களைவிட வயது குறைவு, கல்லூரிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். சிறு வயதில் உடம்பு மெலிந்து, மற்ற பையன்களிடம் அடி வாங்கியவர். எதிராளியின் விசையையே அவருக்கு எதிராகத் திருப்பும் வித்தையைத் தேடிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

முட்டி நழுவுகிறது என்றால்

ஸ்கூட்டியில் விழுந்து "ஜவ்வு பாதி கிழிஞ்சது" என்று நம் ஊரில் சொன்னால், பெரும்பாலும் முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன்புறத் தசைநாரைத்தான் சொல்கிறார்கள். ஏ.சி.எல். என்று உங்கள் பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். தொடை எலும்புக்குக் கீழே இருக்கும் கால் எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. பாதி கிழிந்தால் எல்லாருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. முறையாகப் பயிற்சி செய்து, தொடைத் தசைகளைப் பலப்படுத்தி, நன்றாக ஓடியாடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. நீங்கள் ஆபரேஷன் செய்யாததில் தவறு இல்லை.

"நழுவுற மாதிரி" என்று நீங்கள் எழுதியதுதான் என்னை நிறுத்தியது. அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். தொடையின் முன்பக்கத் தசை இளைத்துப் போயிருந்தால் படி இறங்கும்போது கால் மடங்குவது போலத் தோன்றும். இது பயிற்சியிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் ஜவ்வு தன் வேலையைச் செய்யவில்லை, எலும்பு உண்மையிலேயே இடம் நகர்கிறது என்று அர்த்தம். அப்படி ஒவ்வொரு முறை நழுவும்போதும், இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் நசுங்குகிறது. பல வருடம் கழித்து மூட்டுத் தேய்மானமாக வந்து நிற்கும் சமாச்சாரம் அது. இரண்டில் எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. டாக்டர் ஒருவர் உங்களைப் படுக்கவைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, காலை முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. தேவைப்பட்டால் மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

ஜூடோவில் ஏன் இது முக்கியம்? எறிவதற்கு நீங்கள் ஒரு காலை ஊன்றி, அதன்மேல் உடம்பைச் சட்டென்று திருப்பிப் பாதி வட்டம் போட வேண்டும். அதே நேரத்தில் எதிரில் இருப்பவரின் எடையும் உங்கள்மேல் சாயும். ஊன்றிய கால், திருகும் உடம்பு, மேலே எடை. இந்த ஜவ்வு கிழிவதற்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேண்டாம். இடது கால் ஊன்றும் காலாக இருக்கும் எறிகள் நிறைய உண்டு.

நீ-கேப் பற்றிக் கேட்டீர்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் உறை முட்டிக்குக் கதகதப்பும் ஒரு தைரியமும் தரும், திருகுவதைத் தடுக்காது. தடுக்கும் சக்தி உள்ள, பக்கவாட்டில் உலோகக் கீல் வைத்த பிரேஸை ஜூடோ விரிப்பில், அதாவது மேட்டில், அணிய விடமாட்டார்கள், கூட உருளுகிறவருக்கு அடிபடும் என்பதால். ஆக, அதை நம்பி இறங்க வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. முதலில் உங்கள் பகுதிக் குடும்ப டாக்டரை, அதாவது ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்டைப் போய்ப் பாருங்கள். "முட்டி நழுவுகிறது" என்ற வார்த்தையையே சொல்லுங்கள். "கொஞ்சம் வலி" என்று சொன்னால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். எலும்பு டாக்டருக்கு ஊபர்வைஸுங் என்ற பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேரடியாகக் கேட்டால் அப்பாயின்ட்மென்ட் இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போகலாம். 116117 என்ற எண்ணில் இருக்கும் அப்பாயின்ட்மென்ட் சேவையைக் கேட்டால் சீக்கிரம் கிடைக்க வழி உண்டு, அந்தச் சீட்டு அப்போது கையில் இருக்க வேண்டும். பிசியோதெரபி எழுதிக் கொடுத்தால், ஒரு சீட்டுக்கு 10 யூரோவும் செலவில் 10 சதவீதமும் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், மீதி இன்சூரன்ஸ்.

பயிற்சியை முடித்த பிறகு பிசியோ உங்களை ஒற்றைக் காலில் தாண்டச் சொல்வார். இடது கால் தாண்டும் தூரம் வலது காலின் தூரத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், படி இறங்கும்போது நழுவுவது நின்றிருக்கவும் வேண்டும். இந்த இரண்டும் சரி என்றால் நானே போகச் சொல்வேன். ஆபரேஷன்தான் வழி என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு ஒன்பது மாதமாவது இந்த மாதிரி விளையாட்டுப் பக்கம் போகக் கூடாது.

வேறு கலை எடுத்தால் முட்டிக்குப் பரவாயில்லையா என்று உங்களுக்குத் தோன்றும். டேக்வாண்டோவில் ஒற்றைக் காலில் சுழன்று உதைக்கிறார்கள், அது முட்டிக்கு இன்னும் கஷ்டம். பிரேசிலியன் ஜியுஜிட்ஸுவில் நின்று எறிவது குறைவு, ஆனால் கீழே முட்டியைத் திருகும் பிடிகள் உண்டு. சண்டை போடாமல் பையில் மட்டும் குத்தும் ஃபிட்னஸ் பாக்ஸிங் வகுப்பு, காத்திருக்கும் மாதங்களுக்கு நல்ல மாற்று. கால் ஒரே திசையில் நிற்கும்படி, சுழலாமல் செய்யுங்கள்.

அம்மா சொன்னது

அம்மாவின் பயத்தை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். என் கிளினிக்கில் கபடி ஆடும் பெண்களின் தாய்மார்கள் இதையேதான் கேட்கிறார்கள். கர்ப்பப்பை இடுப்பு எலும்புக் கூட்டுக்குள், நன்றாகப் பாதுகாப்பாக இருக்கிறது. அது கீழே இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பிரசவத்தில் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வது, வயது, வருடக்கணக்கான மலச்சிக்கல் அல்லது இருமல். மேட்டில் விழுந்து எழுவதால் அது இறங்காது, குழந்தை பிறப்பதிலும் தடை வராது. பிரான்ஸின் க்ளாரிஸ் அக்பெனெனு 2022 ஜூனில் குழந்தை பெற்றார், 2023 மே மாதம் தோஹாவில் ஜூடோ உலக சாம்பியன் ஆனார். இந்த ஒரு பெயரை அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், போட்டோவும் காட்டுங்கள். மாதவிலக்கு நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் போகலாம், முடியவில்லை என்றால் லீவு எடுத்துக்கொள்ளலாம். கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் விழும் விளையாட்டு கூடவே கூடாது.

அம்மாவிடம் சொல்லாமல் போகலாமா என்று ஓரிடத்தில் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் முடிவு. கை கட்டுப்போட்டு வீடியோ காலில் வரும் நாளில்தான் முதல் முறையாகச் சொல்ல வேண்டிவந்தால், அவர் அடிபட்டதைவிட மறைத்ததற்கு அதிகம் அழுவார் என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது.

அடிபட்டால் யார் பார்ப்பார்கள்

விளையாட்டில் அடிபட்டால் "நாமே வரவழைத்துக்கொண்டது" என்று இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும் என்று நினைக்கிறீர்கள். அங்கே அப்படி இல்லை. 30 வயதுக்குள் இருக்கும் மாணவியாக நீங்கள் அரசு முறை மருத்துவக் காப்பீட்டில்தான் இருப்பீர்கள், அது விளையாட்டுக் காயத்தையும் ஏற்கும். ஒருவேளை வரும்போதே ஏஜென்ட் மூலம் வாங்கிய தனியார் பாலிசியிலேயே தொடர்கிறீர்கள் என்றால், இன்றைக்கே அதன் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். பழைய காயத்துக்குப் பணம் தராத பாலிசிகள் உண்டு. உங்கள் முட்டி பழைய காயம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பல்கலைக்கழகமே நடத்தும் விளையாட்டு வகுப்பில் மாணவருக்கு அடிபட்டால், மருத்துவக் காப்பீட்டுக்கு மேலே சட்டப்படியான விபத்துக் காப்பீடும் பொதுவாகப் பொருந்தும். அதற்கு நீங்கள் டாக்டரிடம் "இது பல்கலைக்கழக விளையாட்டு வகுப்பில் நடந்தது" என்று சொல்ல வேண்டும், விளையாட்டு அலுவலகத்திலும் தெரிவிக்க வேண்டும். துர்ஷ்காங்ஸ்ஆர்ட்ஸ்ட் என்ற, விபத்துகளைப் பார்க்கும் தனி டாக்டரிடம் அனுப்புவார்கள். வெளியில் இருக்கும் ஃபெராய்ன், அதாவது சங்கத்தில் சேர்ந்தால் இது பொருந்தாது, வழக்கமான மருத்துவக் காப்பீடுதான்.

பேக்கரி வேலையை நினைத்தும் கவலைப்படுகிறீர்கள். அங்கே நான்கு வாரத்துக்கு மேல் வேலை செய்திருந்தால், உடம்பு முடியாத நாட்களுக்கு ஆறு வாரம் வரை சம்பளம் தரச் சொல்கிறது சட்டம். பகுதிநேர வேலைக்கும் அது உண்டு. உடம்பு முடியவில்லை என்பதைக் கடைக்கு அன்றன்றே சொல்லிவிடுங்கள், டாக்டரிடமும் போய்ச் சான்றிதழுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த நவம்பர் இரவு

மூன்று மாத ஜூடோ, உங்களைவிட முப்பது கிலோ கூடுதலான, குடித்த ஓர் ஆளைத் தெருவில் சமாளிக்க வைக்காது. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் பல வகுப்புகள் அப்படித்தான் விளம்பரம் செய்கின்றன. ஜூடோவில் பிடித்துக்கொண்டுதான் எல்லாமே ஆரம்பிக்கிறது. தெருவில் உங்களுக்கு வேண்டியது பிடிபடாமல் விலகுவது.

கெபாப் கடைக்குள் நுழைந்தீர்களே, அதுதான் முறையான தற்காப்பு. அறை இருக்கும் இடத்தை அவருக்குக் காட்டவில்லை, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குப் போனீர்கள். "ஓடி ஒளிந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை டிராமில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள், ஆபத்து என்று தோன்றினால் 110க்கு, போலீஸுக்கு, அடிக்கத் தயங்காதீர்கள். இரவில் தனியாக நடக்கும்போது பேச்சுத் துணைக்குத் தன்னார்வலர்கள் நடத்தும் ஹைம்வேக்டெலிஃபோன் என்ற சேவையும் ஜெர்மனியில் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கென்றே தற்காப்புப் பயிற்சி தனியாக உண்டு. கத்துவது, எட்டி நிறுத்துவது, பிடியை உதறுவது எல்லாம் அதில் வரும். உங்கள் அந்த இரவுக்கு மருந்து அந்தப் பயிற்சி. முட்டி சரியாகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை, முட்டி விஷயத்தைப் பயிற்சியாளரிடம் சொன்னால் போதும்.

அப்படியென்றால் ஜூடோ எதற்கு? கதவுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் பார்த்தீர்களே, அதற்காக. உங்கள் கடிதத்தில் மிக நீளமான பத்தி அதுதான். வெறும் பயம் மட்டும் இருப்பவர், மேட் என்ன நிறம், எத்தனை பேர் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள் என்றெல்லாம் கவனித்து எழுதமாட்டார்.

உள்ளே போனால்

முதல் வகுப்பில் யாரும் உங்களைத் தூக்கி எறிய மாட்டார்கள். விழக் கற்றுத்தருவார்கள், அதற்கு உக்கேமி என்று பெயர். அதை உங்கள் அறையில் தரையில் போட்ட மெத்தையிலேயே இன்றே செய்து பார்க்கலாம். மல்லாக்கப் படுங்கள். முகவாய் நெஞ்சைத் தொடுகிற மாதிரி தலையைத் தூக்கி, உங்கள் பட்டை முடிச்சு இருக்க வேண்டிய இடத்தை, தொப்புளைப் பாருங்கள். கைகள் இரண்டையும் மேலே தூக்கி, உடம்பிலிருந்து சற்று விலகிய சாய்வில், உள்ளங்கை கீழே இருக்கும்படி மெத்தையை ஓங்கி அடியுங்கள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே நேரத்தில் பட வேண்டும், "பட்" என்று ஒரே சத்தம் கேட்க வேண்டும். இரண்டு சத்தம் கேட்டால் முழங்கை முந்திக்கொண்டது. அந்த அடி, விழும் வேகத்தைக் கைகளில் பரப்பிவிடுகிறது. தலை மேட்டைத் தொடவே கூடாது. பின்னால் கை ஊன்றி விழுகிறவர்களுக்குத்தான் மணிக்கட்டு உடைகிறது.

தலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காலைப் பின்னால் கொக்கி போட்டு மல்லாக்க வீழ்த்தும் ஓசோட்டோ காரி என்ற எறியில்தான் ஜப்பானில் புதியவர்களுக்குத் தலைக்காயம் அதிகம் ஏற்பட்டது. உக்கேமி கைவராத ஒருவரை முதல் வாரங்களிலேயே அதில் எறியும் பயிற்சியாளரிடம் இருக்க வேண்டாம். தலையில் அடிபட்டால் அன்று மறுபடி மேட்டில் ஏறக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம் வந்தால் 112க்கு, ஆம்புலன்ஸுக்கு, அடியுங்கள்.

ஆண்களோடு உருளுவது பற்றி. பெண் ஜோடி வேண்டும் என்று பயிற்சியாளரிடம் கேட்கலாம், அங்கே அது சாதாரண வேண்டுகோள். எந்தப் பிடி அசௌகரியமாக இருந்தாலும் கையால் இரண்டு முறை தட்டினால் எதிராளி அந்த நொடியே விட வேண்டும். வலிக்கிறது என்பதற்கு மட்டும் அல்ல, பிடிக்கவில்லை என்பதற்கும் தட்டலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தட்டிய பிறகும் விடாத ஆளைப் பயிற்சியாளர் கண்டிக்கவில்லை என்றால், 30 யூரோ போனால் போகிறது என்று வந்துவிடுங்கள். பொதுக் குளியலறையும் கட்டாயம் இல்லை, அறைக்கு வந்து குளிக்கலாம். ஆனால் உடனே குளியுங்கள், மேட் விளையாட்டுகளில் படர்தாமரை சுலபமாகப் பரவும்.

உங்கள் ஜெர்மன் மொழி தடுமாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜூடோவில் கட்டளைகள் எல்லா நாட்டிலும் ஜப்பானிய மொழிதான். ஹாஜிமே என்றால் தொடங்கு, மாத்தே என்றால் நிறுத்து. அந்த அறையில் பாதிப் பேருக்கு அதுவும் புதிதாகத்தான் இருக்கும். ஜெர்மன் மொழியில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "இஷ் ஹாபே ஐனே க்னீஃபெர்லெட்சுங்." எனக்கு முட்டியில் காயம் இருக்கிறது. சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று மறைக்காதீர்கள். தெரிந்தால்தான் உங்களை யாரோடு ஜோடி சேர்ப்பது, எதைத் தவிர்ப்பது என்று பயிற்சியாளரால் பார்க்க முடியும்.

கண்ணாடி போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், பவர் எவ்வளவு என்று சொல்லவில்லை. மைனஸ் 6க்கு மேல் என்றால் விழித்திரையை ஒரு முறை பரிசோதித்துவிட்டுப் போங்கள். அதற்குக் கீழே என்றால் சாஃப்ட் லென்ஸ் போதும்.

வரும் செவ்வாய்க்கு டாக்டர் அப்பாயின்ட்மென்ட் கிடைத்திருக்காது. பரவாயில்லை, வகுப்புக்குப் போங்கள். இந்த முறை உள்ளே போய், அந்த வாக்கியத்தைச் சொல்லி, ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து முழு வகுப்பையும் பாருங்கள். பயிற்சியாளர் சம்மதித்தால் படுத்த நிலையில் செய்யும் உக்கேமியை மட்டும் ஓரமாகச் செய்யலாம், அதில் முட்டிக்கு வேலை இல்லை. கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஜிப் இல்லாத பேன்ட் போட்டுக்கொண்டு போங்கள். மூக்குத்தி, வளையல், கொலுசு எதுவும் மேட்டில் கூடாது, கழற்றிப் போட ஒரு சின்ன டப்பா பையில் இருக்கட்டும். எலும்பு டாக்டர் முட்டியை இழுத்துப் பார்த்து என்ன எழுதினார் என்று எனக்கு அனுப்புங்கள், எழுந்து நின்று பிடிக்கும் நாள் எப்போது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.